பர்மிங்ஹாம் பைக் மியூசியம் பாத்துட்டு வந்தேன், ஒரு கேள்வி இருக்கு

1. தலவாக்கலை காத்து

ஆளுங்களே, மூணு வாரமா இந்தப் பக்கம் தல காட்டல. தங்கச்சி கொவன்ட்ரியில இருக்கா, அவ மகளுக்கு சடங்கு, தாய்மாமன் வராம எப்பிடின்னு மச்சானே டிக்கட் போட்டு அனுப்பிட்டாரு. சடங்கு முடிஞ்ச மறுநாள் எல்லாரும் கடைக்கு கெளம்புனாங்க, நான் மட்டும் கோச்சியில ஏறி பர்மிங்ஹாம் இன்டர்நெஷனல்னு ஒரு ஸ்டேசன்ல எறங்குனேன். அங்கருந்து நேஷனல் மோட்டர்சைக்கிள் மியூசியம் கிட்டத்தான், மெப்புல பாத்தா எட்டிப் பிடிக்கிற தூரம், ஆனா சுத்திவர ஹைவே, எந்தப் பக்கம் கடக்குறதுன்னு தெரியாம நம்ம ஊரு டவுன்ல மாடு நிக்கிற மாதிரி ரவுண்டபவுட் ஓரத்துல நின்னேன்.

1984ல தொறந்த எடம். உள்ள ஆயிரத்துக்கு மேல பைக், எல்லாம் இங்கிலாந்து சாமான். நோர்ட்டன், ட்ரையம்ப், ஏரியல், மெச்லெஸ், வின்சென்ட், ப்ரஃப் சுப்பீரியர், நம்ம தாத்தாமார் வாயில கேட்ட பேரு கேக்காத பேரு எல்லாம். ரெண்டு மணி நேரம்னு நெனச்சேன், அஞ்சு மணி நேரம் போச்சு, தங்கச்சி போன் மேல போன்.

கடைசியில நான் கால் வலிச்சு நின்னது ஒரு பிஎஸ்ஏ எம் 20 முன்னால. பச்சை பெயின்ட் அடிச்ச பட்டாளத்து பைக். ரெண்டாம் உலகப் போருக்கு ஒண்ணே கால் லட்சத்துக்கு மேல செஞ்சாங்களாம். எங்க தாத்தா டிம்புள்ள பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து பங்களாவுல வேல செஞ்சவரு, சின்னதொரைகிட்ட (தோட்டத்து உதவி மேனேஜர்) இதே எம் 20 ஒண்ணு, யுத்தம் முடிஞ்சு வித்த சாமானா இருக்கும். அத தொடைக்கிறது தாத்தா வேல. விடியக்காலம் தொரை மலைக்குப் போற நேரத்துக்கு எஞ்சின் ஸ்டார்ட்டாகி சூடேறி நிக்கணும், அதுவும் அவரு வேலதான். பதினெட்டு வருஷம் கிக் பண்ணியிருக்காரு, ஒரு நாளும் சீட்டுல ஒக்காந்ததில்ல. வலது கணுக்கால்ல ஒரு புடைப்பு சாகுற வரைக்கும் இருந்துச்சு, கிக்கர் திருப்பி அடிச்சது.

மியூசியத்துல அந்த பைக் மினுமினுன்னு நிக்கிது. அடியில ஒரு சொட்டு எண்ணெய் இல்ல. எனக்கு என்னமோ மாதிரி ஆயிருச்சு, வேற யாரோட பைக்கையோ பாக்குற மாதிரி.

இப்ப கேள்வி. 2003 செப்டம்பர் 16ல அந்த எடம் தீப்பிடிச்சிருக்கு, யாரோ போட்ட சிகரட் துண்டுன்னு சொல்றாங்க. 380 பைக் கிட்ட எரிஞ்சு போச்சு. அலுமினியம் எல்லாம் உருகி தரையில ஓடியிருக்கு. அடுத்த வருஷம் டிசம்பர்லயே மறுபடி தொறந்துட்டாங்க, எரிஞ்சதையும் ஒண்ணொண்ணா திருப்பி செஞ்சு வைக்கிறாங்க. அப்ப நான் பாத்தது பழைய பைக்கா, புது பைக்கா?

2. கம்பளை ஸ்பெயார்ஸ்

கதையெல்லாம் சரி மச்சான், போட்டோ எங்க

3. தலவாக்கலை காத்து

போன்ல சார்ஜ் எறங்கி மூணாவது ஹோல்லயே செத்துப் போச்சு. எடுத்த வரைக்கும் இன்னைக்கு ராவைக்கு போடுறேன், இங்க நெட்டு மழைக்கு இழுக்குது.

4. பதுளை பாஸ்

தம்பி ஒங்க தாத்தா கணுக்கால் கதைய படிச்சதும் என் காலு கூசுது. தெரியாத புள்ளைங்களுக்கு சொல்றேன், இப்ப பட்டன அமுக்குனா ஓடுற மாதிரி இல்ல அது. மொதல்ல பெற்றோல் டெப்ப தொறக்கணும், கார்பரேட்டர்ல ஒரு சின்ன ஆணி மாதிரி இருக்கும், அத அமுக்கி அமுக்கி பெற்றோல் கசியுற வரைக்கும் விடணும், ஹேண்டில்ல இருக்குற லீவர இழுத்து ஸ்பார்க்க பிந்த வைக்கணும், கிக்கர மெதுவா மிதிச்சு கம்ப்ரெஷன் எங்க பிடிக்குதுன்னு பாக்கணும், வால்வ தூக்கி விட்டு கொஞ்சம் தாண்ட விடணும், அப்புறந்தான் ஒரே மிதி. ஸ்பார்க் லீவர மறந்தீங்கன்னா பிஸ்டன் மேல வர்றதுக்கு முன்னமே வெடிச்சு கிக்கர் மேல அடிக்கும். 500 சிசி ஒத்த சிலிண்டர் அடிக்கிற அடிய மாடு ஒதைக்கிறதோட தான் ஒப்பிடணும். பனி விழுற காலையில தடிச்ச எண்ணெயோட இத தெனம் செஞ்சிருக்காருன்னா அவரு பாதி மெக்கானிக்.

எண்ணெய் கதைக்கு வர்றேன். பழைய இங்கிலாந்து எஞ்சின்ல கேஸ நெட்டுக்கா ரெண்டா பொளந்து வச்சு பூட்டியிருப்பாங்க, பூட்டு அடி வரைக்கும் போகும், எண்ணெய் நிக்கிற எடமும் அடிதான், அப்ப கசியாம என்ன செய்யும். ஹொண்டாக்காரன் படுக்கையா பொளந்தான், பூட்டு எண்ணெய்க்கு மேல வந்துருச்சு, கத முடிஞ்சுது. மியூசியத்துல சொட்டு இல்லன்னா எண்ணெய வடிச்சுட்டாங்கன்னு அர்த்தம். நம்ம ஆளுங்க வழக்கமா சொல்றது சரி, எண்ணெய் சொட்டாத பிஎஸ்ஏன்னா உள்ள எண்ணெய் இல்ல.

5. நோர்வூட் தோழர்

ஒரு விஷயம் கேக்குறேன், கோவிச்சுக்காதீங்க. தொரை ஏறிப்போன பைக்க பத்தி நமக்கு என்ன இவ்வளவு பெருமை? அவரு பைக்ல மலைய சுத்தி வந்து கொழுந்து கொறஞ்சா அரைப்பேர் (அரைநாள் சம்பளம்) போட்டாரு. எங்க பாட்டி சொல்லும், அந்த சத்தம் தூரத்துல கேட்டாலே மலையில இருக்குற பொம்பளைங்க பேச்ச நிப்பாட்டிருவாங்களாம். ஒங்களுக்கு அது கிளாசிக் பைக், எங்களுக்கு அது தொரை வர்ற சத்தம். தாத்தா பதினெட்டு வருஷம் தொடைச்சும் ஒரு தடவ ஒக்கார விடாத பைக்குக்கு போயி இங்கிலாந்துல டிக்கட் எடுத்து கும்புட்டுட்டு வந்திருக்கீங்க.

6. தலவாக்கலை காத்து

கும்புடல தோழர். ஆனா நீங்க சொல்றது குத்துது, அதையும் சொல்லிர்றேன். அங்க ஒவ்வொரு பைக்குக்கும் ஒரு போர்டு இருக்கு, எந்த வருஷம், எத்தன சிசி, யாரு டிசைன், எந்த ரேஸ்ல ஜெயிச்சுது. நான் எம் 20 போர்டுல என்ன தேடுனேன்னு எனக்கே தெரியல. 496 சிசி, சைட் வால்வ், 13 குதிரை, இதெல்லாம் எனக்கு தாத்தா சொல்லித் தரல. அவரு சொன்னது வேற. எந்த துணியில தொடைச்சா டாங்கியில கீறு விழாது, மழையில வந்த பைக்குக்கு மெக்னெட்டோ (ஸ்பார்க்குக்கு கரண்ட் குடுக்குறது) மூடிய கழட்டி அடுப்பு பக்கத்துல வைக்கணும், இந்த மாதிரி.

7. பண்டாரவளை டீச்சர்

நான் பைக் ஓட்டுறவ இல்ல, அண்ணன் தம்பி மூணு பேரும் ஓட்டுறதால வாசிக்கிறேன். தோழர் சொல்றதுல ஞாயம் இருக்கு, ஆனா அந்த சத்தத்துக்கு பேச்ச நிப்பாட்டுன கதையையும் யாராவது எங்கயாவது எழுதி வச்சாத்தானே இருக்கும். ஹந்தானையில தேயிலை மியூசியத்துக்கு புள்ளைங்கள கூட்டிட்டுப் போனேன், 1925ல கட்டுன பழைய ஸ்டோரு (தேயிலை பக்டரி) அது, ரோலர் இருக்கு, எஞ்சின் இருக்கு, இங்க மொதல்ல தேயிலைத் தோட்டம் போட்ட ஜேம்ஸ் டெய்லர் பாவிச்ச சாமான் இருக்கு. ஒரு புள்ள கேட்டுச்சு, டீச்சர் எங்க ஆத்தாவோட கூடை எங்கன்னு.

பதில் சொல்ல எனக்கு கொஞ்ச நேரம் எடுத்துச்சு.

8. பேராதனை பழசு

யாழ்ப்பாணத்து ஆள் நான், படிக்க வந்து இஞ்சையே வேலையும் எடுத்து இருவது வருசம் கண்டியிலதான். ஆரம்பத்துல கேட்ட கேள்விக்கு ஒருத்தரும் பதில் சொல்லேல்லை, எண்டபடியா நான் சொல்லுறன்.

அந்த மியூசியத்தில ஸ்லிப்பரி சாம் எண்டு ஒண்டு கிடக்கு, பாத்தனீங்களோ தெரியாது. ட்ரையம்ப் ட்ரைடென்ட், 750 சிசி, மூண்டு சிலிண்டர். 1970ல பிரான்சில போல் டோர் எண்ட 24 மணித்தியால ரேஸில ஓடேக்க எஞ்சினில இருந்து எண்ணெய் அடிச்சு ஓட்டினவையளை குளிப்பாட்டி விட்டுது, அதாலதான் வழுக்கல் சாம் எண்டு பேர். அப்பிடியும் அஞ்சாமிடம் வந்தது. பிறகு ஐல் ஒஃப் மான்ல 1971 தொடக்கம் 1975 வரைக்கும் ப்ரொடக்‌ஷன் ரேஸ் அஞ்சு வருசம் தொடர்ந்து சாமுக்குத்தான். அதுவும் அந்த 2003 நெருப்பில போட்டுது. பிறகு திருப்பிச் செய்து வச்சிருக்கினம்.

இப்ப அது சாமோ? என்ர எண்ணம் ஓம். ஏனெண்டால் ரேஸ் பைக் எண்டது உயிரோட இருக்கேக்கையே ஒவ்வொரு ரேஸுக்கும் பிஸ்டன் மாறும், ஃபெயரிங் (காத்து மறைக்கிற முன் மூடி) மாறும், எஞ்சின் கூட மாறும். 1975ல ஜெயிச்ச சாமிலயே 1971 சாம் எவ்வளவு மிஞ்சி இருந்திருக்கும்?

9. கம்பளை ஸ்பெயார்ஸ்

இத நான் ஒத்துக்க மாட்டேன். ரேஸுக்கு மாத்துறது வேற, நெருப்புல போனத மாத்துறது வேற. எங்கட வாப்பா கம்பளையில நாப்பது வருஷம் ஸ்பெயார் பார்ட்ஸ் கடை வச்சு ஈந்தவரு, அவரு ஒரே ஒரு விஷயந்தான் பாப்பாரு, ஃப்ரேம் நம்பரும் எஞ்சின் நம்பரும் புக்கும் ஒண்ணா ஈக்கா. ஈந்தா அது பைக். இல்லாட்டி அது சாமான். ஆயிரம் பெயின்ட் அடிச்சுக்க.

10. பதுளை பாஸ்

கம்பளை தம்பி, ஒங்க வாப்பா கடையில நானும் சாமான் வாங்கியிருக்கேன், நல்ல மனுசன், ஆனா அந்த கணக்குல பாத்தா இந்த மலைநாட்டுல பழைய பைக்குன்னு ஒண்ணுமே மிஞ்சாது. என்கிட்ட ஒரு பிஎஸ்ஏ பேன்டம் இருக்கு. டி 1, மூணு கியர். இதுல எது ஒரிஜினல்னு சொல்லவா? ஃப்ரேம், டாங்கி, முன் மட்கார்ட். பிஸ்டன் வேற பைக்குது லேத்துல கடைஞ்சு போட்டது, கார்பரேட்டர் ஜப்பான், பின் லைட்டு ஹொண்டா எம்டி 90தோடது. 2022 நெருக்கடியில சாமானும் இல்ல பெற்றோலும் இல்ல, ஷெட்டுல கியூஆர் காட்டுனா வாரத்துக்கு நாலு லீட்டர், அப்பவும் அத ஓட்டுனேன்.

அந்த பேன்டமே ஒரிஜினல் இல்லன்னு தெரியுமா. ஜெர்மன்காரன் டிகேடபிள்யூ ஆர்டி 125, அதோட டிசைன யுத்தம் தோத்த கணக்குல எடுத்தது. 1948ல இங்கிலாந்துல பேன்டம், அமெரிக்காவுல ஹார்லி அதையே செஞ்சான், ரஷ்யாக்காரன் மொஸ்க்வான்னு செஞ்சான், 1955ல யமஹாக்காரன் செஞ்ச மொதல் பைக்கும் அதே ஜாதி. ஒரே வயித்துப் புள்ளைங்க நாலு நாட்டுல. வாப்பா இதுக்கு எந்த புக்க பாப்பாரு.

11. கம்பளை ஸ்பெயார்ஸ்

வாப்பா மவுத்தாகி ஆறு வருஷம் பாஸ், இல்லாட்டி ஒங்களுக்கு பதில் சொல்லி ஈப்பாரு

அது போகட்டும், பேன்டம் பிஸ்டன் ரிங் என்கிட்ட ரெண்டு செட் ஈக்கி. வேணும்னா சொல்லுங்க.

12. பதுளை பாஸ்

வேணும். ரெண்டும். வெல சொல்லி மெசேஜ் போடுங்க, இங்க போட்டா கூட்டம் சேந்துரும்.

13. ஹப்புத்தளை மூடுபனி

நடுவுல ஒரு கேள்வி, பாஸ் அண்ணே இருக்குறப்பவே கேட்டுக்குறேன். மாமாவோட பழைய டூ ஸ்ட்ரோக் ஒண்ணு எடுத்து ஓட்டுறேன், நுவரெலியா ஏறுறப்ப கரும்புகையா தள்ளுது, இழுவையும் இல்ல, கீழ எறங்குனா சரியாயிடுது. டவுன்ல ஒரு கராஜ்ல காட்டுனேன், எஞ்சின பிரிக்கணும்னு 40 ஆயிரம் சொன்னாங்க, டாங்கிய கழட்டுறேன்னு நசுக்கியும் விட்டுட்டாங்க.

14. பதுளை பாஸ்

பிரிக்காதீங்க. நுவரெலியா 1868 மீட்டர், அங்க காத்து கடல் மட்டத்த விட அஞ்சுல ஒரு பங்கு கொறவு. கார்பரேட்டருக்கு அது தெரியாது, அதே பெற்றோல ஊத்திக்கிட்டே இருக்கும், அதான் கரும்புகை. கார்பரேட்டருக்குள்ள பெற்றோல் போற துளை, அந்த மெயின் ஜெட்ட ஒண்ணு ரெண்டு நம்பர் கொறச்சு போடுங்க, பெற்றோல அளக்குற ஊசி, அந்த நீடில ஒரு காடி கீழ எறக்குங்க. மேலயே குடியிருந்தா மட்டும் தான் இத செய்யணும், சின்ன ஜெட்டோட கொழும்புக்கு எறங்கி முறுக்குனீங்கன்னா எஞ்சின் காஞ்சு பிடிச்சிரும். இழுவை கொறையிறது கொறையிறதுதான், அதுக்கு மருந்து இல்ல. தலவாக்கலை தம்பி சொன்ன 13 குதிரையில நுவரெலியாவுல பத்தரதான் ஓடியிருக்கும்.

இன்னொண்ணு, முக்கியம். ரம்பொடை எறக்கத்துல டூ ஸ்ட்ரோக்க த்ரொட்டில மூடிட்டு கியர்ல மட்டும் எறக்காதீங்க. எண்ணெய் பெற்றோலோட கலந்துதான் உள்ள போகுது, த்ரொட்டில் மூடுனா பெற்றோலும் இல்ல எண்ணெயும் இல்ல, எஞ்சின் மட்டும் வேகமா சுத்துது. கொஞ்சத்துக்கு கொஞ்சம் ஒரு முறுக்கு கொடுத்து கொடுத்து எறங்கணும். பழைய ஆளுங்க எறக்கத்துல விர்ரு விர்ருன்னு முறுக்கிக்கிட்டு போனது பந்தாவுக்கு இல்ல.

15. ஹப்புத்தளை மூடுபனி

அடக் கடவுளே நான் மாமாவுக்கு பந்தான்னு தான் நெனச்சேன். நன்றிண்ணே.

16. நோர்வூட் தோழர்

சரி, நான் கொஞ்சம் சூடா எழுதிட்டேன்னு நேத்து ராத்திரி தோணுச்சு. ஆனா சொன்னத வாபஸ் வாங்கல. யாழ்ப்பாணத்து அண்ணன் நம்பர் மாறுனா என்னங்குறாரு, கம்பளை தம்பி நம்பர் தான் எல்லாம்ங்குறாரு. நம்பர்னா எனக்கு ஞாபகம் வர்றது வேற. சிங்கள ஸ்ரீ எழுத்து நம்பர் பிளேட்டுக்கு வந்து, அதுக்காக 1958ல நடந்த கலாட்டா. பழைய பைக்ல இங்கிலீசு எழுத்து பிளேட் இருந்தா அதுக்கு முன்னாடி வந்த வண்டி, ஸ்ரீ இருந்தா அப்புறம் வந்தது, இப்ப ஓடுறதுல மறுபடி இங்கிலீசு எழுத்து. மியூசியம் வைக்கிறதுன்னா அந்த பிளேட்ட கழட்டி மினுக்கி புதுசு மாட்டாம அப்பிடியே வைங்க. பைக்க விட பிளேட்டுல கத கூட.

17. பேராதனை பழசு

இது நல்ல கதை. வடக்கில தமிழ் ஸ்ரீ எழுதி ஓடினவை, மற்றப் பக்கம் தமிழ் எழுத்துக்கு தார் பூசினவை. என்ர பெரியப்பாவின்ர ரலி சைக்கிளுக்கு நம்பரே இல்லை, அதாலை தப்பிச்சம் எண்டு பகிடி விடுவார்.

18. பண்டாரவளை டீச்சர்

மியூசியம் வைக்கிறதுன்னு பேச்சு வந்துச்சே, சும்மா கேக்குறேன், மூடிக் கெடக்குற ஸ்டோரு எத்தன இருக்கு நம்ம பக்கம். கடுகண்ணாவையில 2014ல ரயில் மியூசியம் தொறந்தாங்க, சனம் போகுதுதானே. ஏப்ரல் சீசனுக்கு நுவரெலியா மககஸ்தோட்டை மலையேத்த ரேஸுக்கு வர்ற கூட்டத்துல பாதி வந்தாலும் போதும்.

19. பதுளை பாஸ்

டீச்சர், வாயில தண்ணி ஊறுது, ஆனா நம்ம பனி தெரியும்தானே. க்ரோம் ஆறு மாசத்துல பூத்துரும். மெழுகு பூசி, பெற்றோல வடிச்சு, சிலிண்டருக்குள்ள எண்ணெய் ஊத்தி, மாசம் ஒரு தடவ கையால சுத்தி விடணும். ஒரு பைக்குக்கு ஒரு ஆள் மாதிரி. அதாவது தலவாக்கலை தம்பியோட தாத்தா மாதிரி இருபது பேர் வேணும், இந்த தடவ சம்பளம் ஒழுங்கா குடுத்து.

நெருப்பு பயமும் இருக்கு. பர்மிங்ஹாம் மட்டும் இல்ல, ஒஸ்ட்ரியாவுல டிம்மல்ஸ்யோக் கணவாயில 2175 மீட்டர் ஒசரத்துல ஒரு பைக் மியூசியம், மரக் கட்டடம், 2021 ஜனவரியில ஒரே ராத்திரியில 230 பைக் கிட்ட சாம்பல். அதே வருஷம் நவம்பர்ல திரும்ப தொறந்தாங்க, அவங்ககிட்ட சல்லி இருக்கு. நம்ம பழைய ஸ்டோருக்கு தரையும் பலக, நூறு வருஷத்து தேயிலத் தூசி வேற.

20. கம்பளை ஸ்பெயார்ஸ்

காத்து, நீ ஏன் மச்சான் பேசாம ஈக்கிற, இழை ஒன்னோடது

21. தலவாக்கலை காத்து

பேசாம இல்ல, அலைஞ்சுக்கிட்டு இருந்தேன். இந்த இழைய வாசிச்ச ஒருத்தரு தனியா மெசேஜ் போட்டாரு, அப்கொட் பக்கம், மாட்டுப்பட்டிக்கு பின்னால ஏதோ பழைய பிஎஸ்ஏ கெடக்குதுன்னு. ஞாயித்துக்கெழம அப்பாவையும் ஏத்திக்கிட்டு போனேன். அப்பாவுக்கு எழுபத்திரண்டு, மஸ்கெலியா தாண்டுனதுலருந்து ரோட்ட திட்டிக்கிட்டே வந்தாரு.

டாங்கி இல்ல. சீட்டு இல்ல, ஸ்பிரிங் மட்டும் நிக்கிது. முன் ஃபோர்க் பழைய கர்டர் தான். கழுத்துல சாணிய சொரண்டி பாத்தோம், டபிள்யூஎம் 20ன்னு ஆரம்பிக்குது, பட்டாளத்து ஃப்ரேம். எஞ்சின் நம்பர் வேற. கம்பளைக்காரன் கணக்குல சாமான், பேராதனை அண்ணன் கணக்குல பைக். ஆளு 35 ஆயிரம் கேக்குறாரு.

சின்னதொரையோடது இதுதானான்னு எனக்கு தெரியாது, அப்பாவுக்கும் தெரியாது. அப்பா ஒண்ணும் சொல்லல, குனிஞ்சு கிக்கர் ரப்பர் இருந்த எடத்த கையால தொட்டுப் பாத்தாரு. வலது பக்கம். அப்புறம் பிளேன்டீ குடிக்க போயிட்டாரு. நான் அஞ்சாயிரம் அட்வான்ஸ் குடுத்துட்டேன், வீட்ல சொல்லல.

22. நோர்வூட் தோழர்

ஏத்த லொறி வேணும்னா சொல்லுங்க, மச்சான்கிட்ட கொழுந்து ஏத்துறது ஒண்ணு இருக்கு, ஞாயிறு சும்மாதான் நிக்கிது. டீசலுக்கு மட்டும் குடுங்க.

23. கம்பளை ஸ்பெயார்ஸ்

35 ஆயிரம் கூட. எஞ்சின் நம்பர் வேறன்னு சொல்லி 25க்கு எறக்கு. அதுக்குத்தான் மச்சான் நம்பர் பாக்குறது

24. பதுளை பாஸ்

தம்பி கேளு. கிக்கர்ல ஒருத்தரையும் கால வைக்க விடாத, அப்பாவையும் தான். முப்பது வருஷமா சுத்தாத எஞ்சின், பலவந்தமா மிதிச்சா ரிங் ஒடஞ்சு சிலிண்டர கீறிரும். மொதல்ல பிளக்க கழட்டு, ஓட்டைக்குள்ள டீசலும் எஞ்சின் எண்ணெயும் பாதிக்கு பாதி ஊத்து, துணிய அடைச்சு ஒரு வாரம் விடு, நடுவுல ஒரு தடவ இன்னும் கொஞ்சம் ஊத்து. ஒன்கிட்ட இருக்குற பத்து, பன்னெண்டு ஸ்பெனர்ல ஒண்ணும் அதுக்கு பொருந்தாது, அது விட்வர்த் அளவு, பலவந்தப்படுத்துனா நட்டு உருண்டையாயிரும். என்கிட்ட ஒரு செட் இருக்கு. லொறி எந்த ஞாயிறுன்னு சொல்லு, நான் பதுளையில இருந்து காலையில கோச்சியில வந்து ஹட்டன்ல எறங்குறேன்.